ஒரு சொட்டின் மஸ்அலா

எங்கள் ஊர்ப் பள்ளியில் கடைசி ஸப்பில் நிற்பவர்கள் எல்லோரும் பிந்தி வந்தவர்கள் அல்லர். அவர்களில் சிலர் பாங்கு சொல்வதற்கு முன்பே வந்துவிடுகிறவர்கள். முன் ஸப்பில் இடம் கிடக்கும். "வாங்க காக்கா, முன்னுக்கு வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டார்கள். கதவடியில், ஹவுழுக்கும் மலசலகூடத்துக்கும் ஆகக் கிட்டிய இடத்தில்தான் நிற்பார்கள். இமாம் ஒரு சூறாவைக் கொஞ்சம் நீட்டி ஓதிவிட்டால் காலை மாற்றி மாற்றி வைப்பார்கள். ஸலாம் கொடுத்ததும் துஆவுக்குக்கூட இருக்காமல் எழுந்து போய்விடுவார்கள். வெளியூருக்கு ஜனாஸாவுக்குப் போவதென்றால் பஸ்ஸில் ஏற யோசிப்பார்கள். கல்யாண வீட்டில் தேத்தண்ணி வேண்டாம் என்பார்கள். "வாப்பாக்கு இப்ப சீனி கூட, அதான் குடிக்கிறல்ல" என்று பிள்ளைகள் காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் பிள்ளைகளுக்கும் தெரியாது.

இவர்கள் தங்கள் உடம்பைக் கவனிக்காதவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. ஐந்து நேரமும் சுத்தம் பார்க்கிற மனிதனுக்குத் தன் சிறுநீரைப் பற்றித் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது. ஒரு சொட்டு சாரனில் பட்டால் அவன் அறிவான். முடிந்துவிட்டது என்று எழுந்த பிறகு இன்னும் இரண்டு சொட்டு வருவதை அறிவான். முன்பெல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்த காரியத்துக்கு இப்போது ஐந்து நிமிடம் குந்தியிருக்க வேண்டியிருப்பதையும் அறிவான். சிறுநீர் விடயத்தில் அசட்டையாக இருந்தவரின் கப்று வேதனை பற்றிய ஹதீஸை ஓதற்பள்ளியில் கேட்டு வளர்ந்தவன் அவன்.

இத்தனையும் அறிந்தவன் யாரிடம் போய்க் கேட்கிறான்? ஹஸ்ரத்திடம் கேட்கிறான். இஷாவுக்குப் பிறகு ஆட்கள் கலையும்வரை காத்திருந்து, தூணோரம் நின்று, குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்று தொடங்கி, வுழூ எடுத்த பிறகு சொட்டு வந்தால் தொழுகை கூடுமா என்று கேட்கிறான். அதற்கு விடை உண்டு. ஷாபிஈ மத்ஹபில் தெளிவாகவே உண்டு. சிறுநீர் நிற்காமல் கசிகின்றவர் வக்து வந்த பிறகு கழுவி, துணி வைத்துக் கட்டி, ஒவ்வொரு பர்ளுக்கும் புதிதாக வுழூ எடுத்து, தாமதிக்காமல் தொழுதுகொள்ளலாம். கேட்டவர் மனம் ஆறி வீட்டுக்குப் போவார். தொழுகையின் பிரச்சினை தீர்ந்துவிட்டது. சொட்டின் பிரச்சினை அப்படியே இருக்கிறது. அந்தச் சொட்டு ஏன் வருகிறது என்பது வேறொரு கேள்வி. அதைக் கேட்க வேண்டிய இடமும் வேறு. அந்த இரண்டாவது கேள்வி கேட்கப்படாமல் போனதால் எங்கள் குடும்பத்தில் நடந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

என் மாமா, உம்மாவின் மூத்த சகோதரர், கல்முனைப் பக்கத்துக் கரையோர ஊரொன்றில் கடை வைத்திருந்தவர். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சட்டை. ஒரு கறை பட்டால் மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. அறுபத்தைந்து வயதுக்குப் பிறகு அவர் மெல்ல மெல்ல வீட்டோடு அடங்கினார். கடையை மகனிடம் கொடுத்தார். பின்னர் ஜமாஅத்துக்குப் போவதும் குறைந்தது. "ஹாஜியார் இப்ப பள்ளிப் பக்கம் காணல்ல" என்று ஊர் கதைத்தது. மாமி அதைக் கேட்டுக் கண் கலங்கினார். மாமாவின் அறைக்குப் பின்னால் தனியாக ஒரு மலசலகூடம் இருந்தது. அந்த அறைக்குள் வேறு எவரும் போவதில்லை. படுக்கை விரிப்பை அவரே கழுவிக் காயப் போட்டார். ஹாஜியாரின் சுத்தம் என்று நாங்கள் அதை மெச்சினோம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. அந்த அறையும் அந்த மலசலகூடமும் போயின. உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் தஞ்சம் புகுந்தார்கள். மாமாவின் குடும்பம் ஒரு பாடசாலை வகுப்பறையில், இன்னும் ஐந்து குடும்பங்களோடு. மலசலகூடத்துக்கு வரிசை. எழுபது வயதை எட்டிய மனிதர் ஓர் இரவில் ஏழு எட்டுத் தடவை, படுத்திருக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் தாண்டித் தாண்டிப் போய் அந்த வரிசையில் நின்றார். மூன்றாம் நாள் விடியற்காலை அவருடைய பாய் நனைந்திருந்தது. சின்னப் பிள்ளையொன்று அதைக் கண்டு சிரித்தது. மாமா அன்று முழுவதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தண்ணீரும் குடிக்கவில்லை.

முகாமுக்கு வந்த வைத்தியக் குழுவில் ஓர் இளம் டொக்டர் இருந்தார். காலில் இருந்த காயத்துக்கு மருந்து கட்டத்தான் மாமாவைக் காட்டினோம். காயத்தைப் பார்த்தவர் வீங்கிய பாதத்தையும் பார்த்தார். சட்டையை உயர்த்தச் சொல்லி அடிவயிற்றில் கை வைத்தார். தொப்புளுக்குக் கீழே ஒரு தேங்காயளவு புடைத்திருந்தது. மாமாவுக்கு அங்கே வலி இல்லை. "ஐயா, ராவையில பாய் நனையிறதா?" என்று டொக்டர் மெதுவாகக் கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

வைத்தியசாலையில் கெதீட்டர் குழாய் போட்டு எடுத்தபோது ஒன்றரை லீற்றருக்கு மேல் வந்தது. சாதாரணமாகச் சிறுநீர்ப்பை நானூறு, ஐந்நூறு மில்லி லீற்றர் நிறைந்ததும் போகச் சொல்லி நெருக்கும். மாமாவின் பை ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, நெருக்குகிற சக்தியையே இழந்துவிட்டிருந்தது. இரவில் நனைந்தது பை காலியாகாமல் நிரம்பி வழிந்ததனால். கிணறு நிரம்பி வழிவதைப் பார்த்து ஊற்று அதிகம் என்று நினைப்பதுபோல, சிறுநீர் அதிகம் போகிறது என்று அவர் நினைத்துத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருந்தார். போகவேண்டியது போகாமல் தேங்கியதால் அதன் அழுத்தம் மேலேறி இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்திருந்தது. காலில் வீக்கம் வந்தது அதனால்தான்.

இந்த வருத்தத்தின் பொல்லாத குணம் அதுதான், நோகாது. திடீரென்று அடைத்துக்கொண்டால் மனிதன் துடிதுடித்து வைத்தியசாலைக்கு ஓடுவான், பிழைத்துக்கொள்வான். மெல்ல மெல்ல அடைபடுகிறவனுக்கு வலி இல்லை. வெட்கம் மட்டும்தான் இருக்கும். மாமா அதற்குப் பிறகு நாலரை வருடங்கள் இருந்தார். கடைசி வருடங்கள் இரத்தச் சுத்திகரிப்போடு கழிந்தன. 2009இல் மௌத்தானார். "பைய மாட்டிக்கிட்டுத் தொழலாமா?" என்று குழாய் போட்ட அன்று அவர் கேட்டார். தொழலாம் என்று ஹஸ்ரத் வந்து சொன்னபோது அவர் அழுததை நான் பார்த்தேன். சலுகை அவருக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்தச் சலுகை, பரிகாரம் உள்ள நோயை அப்படியே விட்டுவிடச் சொல்லித் தரப்பட்டதல்லவே.

ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சுரப்பி புரொஸ்டேட். சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம்போல் அமைந்திருக்கிறது. வாலிபத்தில் ஏறக்குறைய இருபது கிராம் நிறை. நாற்பதைத் தாண்டிய பிறகு அது பெருக்கத் தொடங்குகிறது. அறுபதை எட்டும்போது ஏறக்குறையப் பாதிப் பேரிலும், எண்பதைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோரிலும் இந்தப் பெருக்கம் காணப்படும். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதுமில்லை. மோதிரம் தடித்தால் குழாய் நெருக்குப்படுகிறது. தொடங்கத் தாமதம், மெல்லிய தாரை, நின்று நின்று வருதல், முடிந்தும் முடியாத உணர்வு, இரவில் பலமுறை எழும்புதல் எல்லாம் அதன் விளைவுகள். சுரப்பி பெரிதாக இருப்பவருக்குத் தொல்லை அதிகம் என்றும் இல்லை. எந்தப் பக்கமாகப் பெருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

"வயசு போனா அப்படித்தான்" என்று நாம் சொல்கிறோம். பாதி உண்மை. நரையும் வயதால் வருவதுதான். அதனால் சிறுநீரகம் கெடுவதில்லை. அதோடு, இரவில் அடிக்கடி எழும்புவதெல்லாம் புரொஸ்டேட் என்றும் இல்லை. சீனி வருத்தத்தின் முதல் அடையாளமாகவும் அது இருக்கலாம். இதயம் பலவீனப்பட்டவருக்குப் பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் மேலேறி இரவில் சிறுநீராகப் போகும். பிரஷருக்குக் குடிக்கும் நீர்க் குளிசையை மாலையில் போட்டாலும் அப்படித்தான். எது என்று கண்டுபிடிக்கச் சீனியையும் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். நெருஞ்சில் கசாயமும் பொல்பலாவும் குடித்துப் பார்ப்போம் என்று ஆறு மாதம் போக்குகிறவர்களை எனக்குத் தெரியும். கசாயம் குடிப்பதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை; சோதனை செய்யாமல் குடிப்பதைப் பற்றித்தான்.

என் நண்பர் ஒருவர் கவிஞர். இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஆகவே பெயர் வேண்டாம். இளமையிலிருந்து சிகரெட் குடித்தவர். 2016இல் ஒரு நாள் லுஹருக்கு முன்னர் சிறுநீர் வெற்றிலைச் சாறுபோலச் சிவந்து வந்தது. வலி இல்லை, கடுப்பு இல்லை. முதல்நாள் பீட்ரூட் கறி தின்றது ஞாபகம் வந்தது. பீட்ரூட் சிலருக்குச் சிறுநீரைச் சிவக்கச் செய்வது உண்மைதான். அஸருக்குத் தெளிந்துவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம் அவரை விடவில்லை. அதுவும் வுழூ பற்றிய சந்தேகம்தான். அன்று மஃரிபுக்குப் பிறகு ஹஸ்ரத்திடம் போய், சிறுநீரோடு இரத்தம் வந்தால் சட்டம் என்ன என்று கேட்டார்.

எங்கள் ஹஸ்ரத் வயதில் இளையவர். முன்வழியால், பின்வழியால் எது வந்தாலும் வுழூ முறியும் என்று சொல்லி முடித்துவிட்டு, நண்பரின் முகத்தைப் பார்த்தார். "நானா, இது உங்களுக்கா?" என்று கேட்டார். நண்பர் தடுமாறினார். "மஸ்அலாவ நான் சொல்லிட்டன். மத்தத டொக்டர்ட்ட கேளுங்க. நாளைக்கே போங்க. சொல்ல வெட்கமா இருந்தா நானும் வாறன்" என்றார். மறுநாள் இரண்டு பேரும் போனார்கள்.

குழாய் வழியாகச் சிறிய கமராவைச் செலுத்திப் பார்த்தபோது சிறுநீர்ப்பையின் உட்சுவரில் காளான் முளைத்ததுபோல ஒரு சின்னக் கட்டி இருந்தது. வயிற்றைக் கீறாமல் அதே வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். புற்றுத்தான், ஆனால் சுவருக்குள் ஊடுருவவில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை பார்த்தார்கள், பிறகு ஆறு மாதம், இப்போது வருடத்துக்கொருமுறை. சிகரெட்டை அன்றே விட்டார். கவிதையை விடவில்லை.

சிறுநீர்ப்பைப் புற்றுக்கு ஆகப் பெரிய காரணம் புகைத்தல். நுரையீரலுக்குப் போகும் புகை எப்படிச் சிறுநீர்ப்பையைக் கெடுக்கும் என்று கேட்கிறார்கள். புகையின் நஞ்சுகள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, மணிக்கணக்கில் அந்தப் பையில்தான் தேங்கிக் கிடக்கின்றன. அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் வலியில்லாத இரத்தம். அந்த இரத்தம் ஒருமுறை வந்துவிட்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒளிந்துவிடும். நின்றுவிட்டது என்பதால் சுகம் என்று நினைக்கக்கூடாது. கண்ணால் கண்ட இரத்தம் ஒரே ஒரு தடவை வந்தாலும், இளைஞனானாலும் முதியவரானாலும், காட்டியே ஆகவேண்டும். கல்லாகவோ கிருமியாகவோ இருக்கலாம். பலருக்கு அப்படித்தான் இருக்கும். அதை டொக்டர் சொல்லட்டும்.

முதியவர்களைப் பற்றி மட்டுமே சொல்லிக்கொண்டு போனால் ஒரு பையனுக்கு அநியாயம் செய்தவனாவேன். நான் படிப்பித்த காலத்தில் சாதாரண தர வகுப்பில் இருந்தவன். விடுதியில் தங்கிப் படித்தான். ஓர் இரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், வாந்தி எடுத்தான். "வயிறு" என்று மட்டும்தான் சொன்னான். விடுதிக்குப் பொறுப்பானவர் காஸ்ட்ரைடிஸ் என்று நினைத்து ஒரு பாணி மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார். விடிந்து, பகலாகி, வாப்பாவுக்குச் சொல்லி அனுப்பி, அவர் வந்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போது ஏறக்குறைய ஒரு நாள் கழிந்துவிட்டது. நோவு வயிற்றில் தொடங்கவில்லை. ஒரு பக்க விதையில் தொடங்கியது. பதினாறு வயதுப் பையன் அந்த வார்த்தையை யாரிடம் சொல்வான்? எந்த வார்த்தையால் சொல்வான்? அதற்குக் கெட்ட வார்த்தையைத் தவிர வேறு வார்த்தையை நாம் அவனுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறோமா?

விதையைத் தாங்கும் நரம்புக் கொடி முறுக்கிக்கொண்டால் அதற்கு இரத்தம் போவது நின்றுவிடும். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குள்தான் இது அதிகம். நித்திரையிலும் வரும். ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திர சிகிச்சை செய்து முறுக்கை எடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் கடந்துவிட்டால் காப்பாற்றுவது அரிது. அந்தப் பையனுக்கு ஒன்றை எடுத்துவிட்டார்கள். மற்றது முறுக்காமல் தைத்துப் பாதுகாத்தார்கள். அல்லாஹ்வின் கிருபை, இன்று அவன் இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா. இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சேர், பெயர மட்டும் போடாதீங்க" என்றான். வயிறு நோகிறது என்று வாந்தி எடுக்கும் பையனிடம், "கீழயும் நோகுதா?" என்று ஒரு கேள்வியை வாப்பாவோ விடுதி ஆசிரியரோ கேட்டால் போதும். நோவே இல்லாமல் விதையில் ஒரு கட்டி தட்டுப்பட்டாலும் இளைஞர்கள் ஒளிக்கக்கூடாது. அது புற்றாக இருந்தாலும், நேரத்தோடு பிடித்தால் மிக நன்றாகக் குணமாகும் புற்றுகளில் ஒன்று.

என் கதை இவற்றோடு ஒப்பிடச் சின்னது. 2019இல், அறுபத்து மூன்று வயதில், இரவில் நான்கு முறை எழும்பத் தொடங்கினேன். மாமாவின் பாய் எனக்கு மறக்கவில்லை; அந்த மாதமே போனேன். டொக்டர் ஒரு தாளைத் தந்தார். 1992இல் அமெரிக்க சிறுநீரியல் சங்கம் தயாரித்த ஏழு கேள்விகள். இன்று உலகமெங்கும் பாவிக்கிறார்கள். முடிந்த பிறகும் மிச்சம் இருப்பதாக உணர்கிறீர்களா? இரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்பவும் போகிறீர்களா? நின்று நின்று வருகிறதா? அடக்க முடியாமல் இருக்கிறதா? தாரை மெலிந்துவிட்டதா? தொடங்க முக்க வேண்டியிருக்கிறதா? இரவில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் ஐந்து வரை புள்ளி. ஏழு வரை இலேசு, எட்டு முதல் பத்தொன்பது வரை நடுத்தரம், இருபதுக்கு மேல் கடுமை. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டவனுக்குப் பதினைந்து கிடைத்தது. கூடப் புள்ளி எடுத்தால் கூடாத பரீட்சை அது ஒன்றுதான்.

சிறுநீர், சீனி, கிரியேட்டினின், பி.எஸ்.ஏ. ஆகியவற்றைச் சோதித்தார்கள். ஸ்கேனில் சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார்கள். பி.எஸ்.ஏ. கூடினால் புற்று என்று அர்த்தமில்லை, பெருத்த சுரப்பியாலும் கிருமியாலும் கூடும் என்று டொக்டர் முன்கூட்டியே சொன்னார். எல்லோரும் பயப்படுகிற அந்த விரல் பரிசோதனையும் நடந்தது. அரை நிமிடம். ஊசி போடுவதைவிட இலேசு. டம்சுலோசின் என்றொரு குளிசை தந்தார். இரவில் படுக்குமுன் ஒன்று. ஒரு கிழமைக்குள் நான்கு ஒன்றாகக் குறைந்தது. படுக்கையிலிருந்து சட்டென்று எழும்பினால் தலை சுற்றும் என்பதால், இருந்து, நிதானித்து எழும்பப் பழகிக்கொண்டேன். குளிசை போதாதவர்களுக்குச் சுரப்பியைச் சுருக்கும் வேறு மருந்து உண்டு. அது பலன் தர ஆறு மாதம்வரை எடுக்கும். அதுவும் போதாவிட்டால் வயிற்றைக் கீறாமல் குழாய் வழியாகச் செய்யும் சத்திர சிகிச்சை உண்டு. அரச வைத்தியசாலையில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. அன்று கிளினிக் வாங்கில் இருந்தவர்களை நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் ஊர்ப் பள்ளியின் கடைசி ஸப்பில் பாதி அங்கே இருந்தது. ஒருவரையொருவர் கண்டு முதலில் தலை குனிந்தோம், பிறகு சிரித்துவிட்டோம்.

அவ்ரத்தைக் காட்டுவதா என்று தயங்குகிறவர்களும் உண்டு. டொக்டர் பெண்ணாக இருந்துவிட்டால் சீட்டைக் கிழித்துப்போட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு. வைத்தியத்தின் தேவைக்கு, தேவையான அளவுக்கு அவ்ரத்தைக் காட்ட அனுமதி உண்டு என்பது பிக்ஹு நூல்கள் படித்த எவருக்கும் தெரியும். ஆண் டொக்டரைத் தாருங்கள் என்று கேட்பதும் குற்றமல்ல. அலி ரழியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு இப்படி ஒரு சங்கடம் இருந்தது. மதீ என்னும் நீர் அவர்களுக்கு அதிகம் வெளிப்படும். நபியவர்களின் மகள் தம் மனைவி என்பதால் நேரே கேட்க வெட்கப்பட்டார்கள். அதற்காகக் கேள்வியை விழுங்கிவிடவில்லை. மிக்தாத் ரழியல்லாஹு அன்ஹு அவர்களை அனுப்பிக் கேட்டார்கள். வெட்கமும் இருந்தது, கேள்வியும் கேட்கப்பட்டது. வாயால் சொல்ல முடியாதவர் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கலாம். ஹஸ்ரத்தையோ மகனையோ நண்பனையோ கூட்டிப் போகலாம்.

எவ்வளவு அவசரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயிறு முட்டி நிற்க, ஒரு சொட்டும் போக முடியாமல் அடைத்துவிட்டால் அந்த இரவே போகவேண்டும். தடிமனுக்குப் போடும் பிரிட்டோன் போன்ற குளிசைகள்கூட, ஏற்கெனவே நெருக்குப்பட்டவருக்கு இப்படி அடைப்பை உண்டாக்கும். விதையில் திடீர் நோவு. சலக்கடுப்போடு நடுக்கமும் காய்ச்சலும். விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் கல்லடைப்பு நோவோடு காய்ச்சல். சிறுநீரில் இரத்தக் கட்டிகள். முதுகு நோவோடு கால்கள் பலமிழந்து சிறுநீர் நின்றுபோதல். இவையும் விடியும்வரை காத்திருக்கக்கூடாதவை. வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஒருமுறை கண்ட இரத்தம், நோகாத கட்டி, வயதானவர் பாயை நனைத்தல், காய்ச்சலில்லாத கடுப்பு ஆகியவற்றை ஓரிரு நாளுக்குள் காட்ட வேண்டும். மெலிந்த தாரையும் இரவில் எழும்புவதும் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்கும். அடுத்த வருடம்வரை பொறுக்காது.

இல்லற பலவீனத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். அது சீனி, பிரஷர், இதய நோய் ஆகியவற்றின் முன்னறிவிப்பாக, சில வேளை நெஞ்சு நோவு வருவதற்குச் சில வருடங்கள் முன்னரே வரக்கூடும். பார்மசியில் மெல்லிய குரலில் கேட்டு வாங்கும் நீலக் குளிசை அந்த அறிவிப்பை மறைத்துவிடும். நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் குளிசை வைப்பவர் அதையும் போட்டால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

நோன்பு காலத்தில் தராவீஹில் எழும்ப வேண்டி வரும் என்று நோன்பு திறந்த பிறகும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெரியவர்கள் எங்கள் வீடுகளில் உண்டு. "மருந்து குடிச்சீங்களா வாப்பா? சாப்பிட்டீங்களா வாப்பா?" என்று நாம் விசாரிக்கிறோம். பிள்ளைகளே, இன்னும் ஒன்று கேளுங்கள். ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்து, "ராவையில எத்தன தரம் ஒழும்புறீங்க வாப்பா?" என்று கேளுங்கள். முதலில் அதட்டுவார். "என்ன கேள்வி இது?" என்பார். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். அவர் எண்ணிக்கொண்டிருப்பார். அந்தக் கணக்கு அவருக்கு நன்றாகவே தெரியும்.